திருப்பிக் கொடுக்க வந்த பிள்ளை

ஊசி தன் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று நான் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ வார்டு ஆயா மூச்சிரைக்க அடித்தளத்துக்கு இறங்கி ஓடி வந்தாள்.

"உங்க ஆளு மேல வந்து நிக்கிறாக்கா. பிள்ளைய கவுன்டர் மேல வச்சிட்டு, இத வச்சுக்கிட்டு என்னோடதக் கொடுங்கன்னு கேக்கிறா. சீக்கிரம் வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உறை தீய்கிற வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவே தோன்றியது. இத்தனை வருஷ வேலையில் நான் ஒரு துணியைக் கூடத் தீய்த்ததில்லை.

ஊசி என்பது நாங்கள் வைத்த பெயர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தைப்பவள் அவள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். பொருத்தமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. நான் தேய்க்கிறவள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது அவளுடைய விளக்கு மேசை மட்டும்தான்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே கண்ணாடிப் பலகை, அடியில் குழல் விளக்குகள். ஆபரேஷன் அறையிலிருந்து வரும் பச்சைத் துணிகளைத் துவைத்துக் காயவைத்த பிறகு ஒவ்வொன்றையும் அதன் மேல் விரித்துப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு ஒட்டுப் போடுவாள். ஓட்டைத் துணியை விரித்து யாருடைய வயிற்றையும் கிழிக்கக் கூடாது, கிருமி போய்விடும். இவள் ஓட்டையை மட்டுமல்ல, பழைய ஒட்டையும் கண்டுபிடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, "இங்க ஒட்டு இருக்கு. தச்சது நான் இல்ல, சொதப்பியிருக்கு" என்பாள். நான் பலமுறை சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

வயிறு பெரிதான பிறகும் அந்த மேசையை விடவில்லை. வயிறு மேசை விளிம்பில் இடிக்கும். "உள்ள இருக்கிறவளும் எட்டிப் பாக்கிறாக்கா, அவளுக்கும் வேலை போட்டுக் கொடுங்க" என்பாள். வலி எடுத்ததும் அங்கேதான். லிஃப்ட்டில் ஏறும்போது கூட வாய் சும்மா இருக்கவில்லை. "நான் பாதியில விட்ட துணிக்கட்டைத் தொடாதீங்க. ஜன்னல் அளவுக்கு ஓட்டை இருந்தாலும் உங்க கண்ணுக்குத் தெரியாது." கதவு மூடிக்கொண்டது. அந்தக் கேலியோடு போனவளை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. திரும்பி வந்தவள் வேறொருத்தி.

அன்று வேலை முடிந்து மேலே போனேன். ஊசியின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆபரேஷன் அறை வராந்தாவில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அம்மா ஒரு மூலையில், மாமியார் இன்னொரு மூலையில்.

"அவசரமா ஆபரேஷன் பண்ணிட்டாங்கக்கா. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் மெக்கானிக். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். களைப்பு என்று நினைத்து நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு லீவு நாட்களில் அவள் வீட்டுக்குப் போய் வருவேன். மாடியில் இரண்டு அறை, துணி காயப்போட ஒரு பால்கனி. ஒரு குறை சொல்ல முடியாத வளர்ப்பு. நேரத்துக்குப் பால், நேரத்துக்குக் குளியல், நகம் கூட வெட்டி விட்டிருப்பாள். பிள்ளையிடம் பேசுவதுதான் வேடிக்கை.

"எழுந்துட்டீங்களா? பால் குடிக்கிறீங்களா? போதுங்களா?"

"உன் மாமியாருக்குக் கூட இந்த மரியாதை கிடைக்கலையேடி" என்று நான் சிரித்தேன். மாமியாரும் சிரித்தார். ஊசி சிரிக்கவில்லை. பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையைப் பாயின் நடுவில் கிடத்திவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு முத்தம் இல்லை. யாரோ ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளை வைப்பது போல வைத்தாள்.

ஒருநாள் பால்கனிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு மேல வந்தீங்களே, பிள்ளையப் பாத்தீங்களாக்கா?"

"இல்லையே. ஏன்?"

"முதுகுல ஊசி போட்டாங்க. மரத்துப் போகல. கத்தி வச்சது எனக்குத் தெரிஞ்சுது. கத்தினேன். கண்ணு முன்னாடி பச்சைத் துணிதான். அப்புறம் ஒண்ணுமே தெரியல. முழிச்சப்போ பக்கத்துல பிள்ளை இல்ல. ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணக் கொண்டுவந்து கையில கொடுத்தாங்க."

'ஒண்ண' என்று அவள் சொன்ன விதம் எனக்கு அப்போதே நெருடியது.

"வீட்டுல சொன்னியா?"

"சொன்னேன். மயக்கத்துல கனவு கண்டிருப்பேன்னு அவரு சொல்றாரு. எல்லாருக்கும் வலிதான், பிள்ளை முகத்தப் பாத்து மறந்துடுங்கிறா அம்மா."

அதோடு விட்டிருந்தால் அவள் ஊசி இல்லையே. பிள்ளை பிறந்த கதையை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள். பிறந்த உடனே கத்திய கத்தல் வராந்தா வரைக்கும் கேட்டது என்றார் மெக்கானிக். ரோஸ் நிறத் துண்டில் சுற்றி என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள் என்றாள் அம்மா. இல்லை, என் கையில்தான், நீலக் கரை போட்ட வெள்ளைத் துணியில் என்றார் மாமியார். பொய்தான் சொன்னார்கள், அதைத் துணி விஷயத்திலா இவளிடம் சொல்வது?

"நம்ம ஆஸ்பத்திரியில ரோஸ் துண்டே கிடையாதுக்கா. நீலக் கரை போட்டது ஆம்பளைங்க வார்டு படுக்கை விரிப்பு. பிறந்த பிள்ளையை அதுலயா சுத்துவாங்க?"

வயசானவர்களுக்கு நிறமா ஞாபகம் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "இது பொண்ணு, அடுத்தது பையனாப் பெத்துக்க" என்று சொன்னால் போதும், அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவாளாம். மெக்கானிக் போட்டிருக்கிற சட்டையைத் தேடுவாராம்.

"எதையோ பூசி மெழுகிறாங்கக்கா. எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்தது. எதை மெழுகுகிறார்கள் என்பதில்தான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டாள். தன் பிள்ளை செத்துவிட்டது, எங்கிருந்தோ இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவோடுதான் அன்று பிரசவ வார்டுக்கு வந்து நின்றாள்.

நான் மேலே போனபோது கவுன்டரைச் சுற்றிக் கூட்டம். பிள்ளை கவுன்டர் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பை. சட்டைகள், குல்லாய், பரிசாக வந்த கிலுகிலுப்பை, எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு, பாத்துக்கோங்க" என்று ஊசி நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு குறையும் வைக்கல. இவங்க அம்மா தேடிக்கிட்டு இருப்பாங்க. என்னோடது செத்துப் போயிருந்தா அதையாவது சொல்லுங்க. எங்க புதைச்சீங்கன்னு காட்டுங்க, போயிடறேன்."

நர்ஸ் பேயறைந்த மாதிரி நின்றாள். யாரோ ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். "உன் வீட்டுப் பொம்பளைய இப்படிப் பிடிப்பியாடா?" என்று கையிலேயே ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். போன் எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிடச் சொல்லி யாரோ கத்தினார்கள்.

அந்த நேரத்தில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு சிடுமூஞ்சி வெளியே வந்தார். அதுவும் நாங்கள் வைத்த பெயர்தான். அந்த அறைக்கு மூத்த சிஸ்டர். துணி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் போனில் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். என்ன கூச்சல் என்று கேட்க வந்தவர் ஊசியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீயா? உசிரோட எழுந்து நடந்து வந்துட்டியா?"

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"என்ன சொன்னீங்க சிஸ்டர்?" என்றாள் ஊசி.

சிஸ்டர் கவுன்டர் பக்கம் போய்ப் பிள்ளையைக் கையில் எடுத்தார். "இவளா? எப்படிக் கிடந்தவ, எவ்வளவு வளந்துட்டா!"

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? முதல்ல கையில ஏந்தினதே நான்தானே."

ஊசியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சிஸ்டரும் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையை ஒரு கையிலும் ஊசியை இன்னொரு கையிலுமாகப் பிடித்து, வராந்தாக் கடைசியில் இருக்கும் துணி வைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். "நீயும் வா" என்று என்னை அதட்டினார். கதவைச் சாத்தினார். நாங்கள் தேய்த்து அனுப்பிய பச்சைத் துணிகள் நாலு பக்கமும் அடுக்கியிருந்தன.

"என்ன தெரியணும் உனக்கு?"

"எல்லாம்."

சிஸ்டர் சொன்னார். இழுத்து மூடாமல், இனிப்பு தடவாமல் சொன்னார். பிள்ளையின் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கியதைச் சொன்னார். ஒரு நொடி கூடத் தாமதிக்க முடியாத நிலைமை, முதுகில் போட்ட மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்றார்.

"நீ கத்தினது கனவு இல்ல. நாங்க எல்லாரும் கேட்டோம். உடனே நிறுத்திட்டு முழு மயக்கம் கொடுத்தாங்க. இன்னும் அந்தச் சத்தம் என் காதுல இருக்கு."

ஊசி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"பிள்ளை?"

"வெளிய எடுத்தப்போ அழல. நீலமா, துணி மாதிரித் துவண்டு கிடந்தா. குழந்தை டாக்டர் காத்து அழுத்திக்கிட்டே இருந்தாரு. தலையைப் பிடிச்சிருந்தது நான். எவ்வளவு நேரம்னு கேக்காத, எனக்கு ஒரு யுகம். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அப்படியே பின்பக்க லிஃப்ட்ல தீவிர சிகிச்சைக்குத் தூக்கிட்டு ஓடினோம். உன் வீட்டு ஆளுங்க யாரும் அன்னைக்குப் பிள்ளையக் கண்ணால பாக்கவே இல்ல."

"எந்தத் துணியில சுத்தினீங்க?"

எனக்குத் தெரியும், எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சிஸ்டர் யோசித்தார். "ஞாபகம் இல்ல" என்றார். "பச்சையாத்தான் இருக்கணும், அங்க வேற ஏது? ஆனா நிஜமா ஞாபகம் இல்ல. அப்ப நான் துணியையா பாத்தேன்? அவ மார்பு ஏறி இறங்குதான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஊசி நீளமாக மூச்சு விட்டாள். இத்தனை மாதமாக அவளிடம் வந்த எல்லாக் கதையிலும் துணிக்கு ஒரு நிறம் இருந்தது. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். தலையைத் திருப்பிப் பிள்ளையைப் பார்த்தாள். அப்போதும் கையை நீட்டவில்லை.

"என்னைப் பாத்து உசிரோடவான்னு கேட்டீங்களே, ஏன்?"

"ரத்தம் நிக்கலையேம்மா. ஏத்த ஏத்தப் போய்க்கிட்டே இருந்துச்சு. வேற வழி இல்லாமத்தானே கர்ப்பப்பையை எடுத்தாங்க. அதான் உனக்குத் தெரியுமே."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கை மெதுவாகத் தன் அடிவயிற்றுக்குப் போனது. சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"உனக்கு யாரும் சொல்லலையா?"

ஊசி, இல்லையென்று தலையாட்டினாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். உங்க அம்மாவும் இருந்தாங்க. உடம்பு தேறட்டும், நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்னு கெஞ்சினாங்க. அப்படியே விட்டுட்டாங்களா? நாங்களும் விட்டுட்டோமே." சிடுமூஞ்சி சிஸ்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அடுக்குகளையெல்லாம் இழுத்துக் கீழே தள்ளியிருப்பேன். அவள் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறார்கள், வீடே கூடி மென்று முழுங்கியிருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரியாது! ஊசி என்னைப் போலக் கொதிக்கவில்லை. "இதுதானா?" என்றாள். "இதைத்தானா மூடி மூடி வச்சாங்க? நான் பிள்ளைய மாத்திட்டாங்கன்னுல்ல நினைச்சேன்."

"இவ உன் பிள்ளைதாம்மா" என்றார் சிஸ்டர்.

"புத்திக்குப் புரியுது சிஸ்டர். மனசுக்கு இன்னும் வந்து சேரல."

அன்று பிள்ளையை வீட்டுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பை அவள் கையில் இருந்தது. அன்று மெக்கானிக்கையும் அவளுடைய அம்மாவையும் நான் கேட்ட கேள்வியை இங்கே எழுதினால் அச்சுக்கு ஆகாது. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மெக்கானிக், அடித்தால் கூட வாங்கிக்கொள்வார் போல நின்றார்.

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நானும் அவர்கள் கூட்டத்தில் சேர்ந்தவளாகிவிடுவேன். சிஸ்டர் அவளை விடவில்லை. மேல் மாடியில் மனநல டாக்டரம்மாவிடம் கையோடு கூட்டிப்போனார். மாத்திரை, பேச்சு, மறுபடி பேச்சு என்று பல மாதம் ஓடியது. பச்சைத் துணியைக் கண்டால் அவளுக்குக் கை நடுங்கும். அவள் வேலைக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச காலம் அந்த மேசை வேலையை நான் பார்த்தேன், அவள் தலையணை உறைக்குப் பொத்தான் தைத்தாள். நான் விட்ட ஓட்டைகளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

டாக்டரம்மாவின் அறையில் வாரம் ஒரு மதியம் சில பெண்கள் கூடுவார்கள். பிரசவத்தில் பிழைத்தவர்கள். ஒருத்தி பேருந்து ஓட்டுநர், ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். முதல் நாள் போய்விட்டு வந்து ஊசி என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"பிள்ளை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்னன்னு அங்க ஒருத்தி கூடக் கேக்கலக்கா."

ஒரு மதியம் வீட்டு ஆட்களையும் வரச் சொன்னார்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள நானும் போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் வேலை உடையிலேயே வந்திருந்தார், விரலிடுக்கில் கிரீஸ். அந்த நாளைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

அவர் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு ஊசியைப் பார்க்காமல், என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை அழுதது எனக்குக் கேக்கவே இல்ல. நான் வராந்தாவுல நின்னேன். எனக்குக் கேட்டது இவ கத்தினதுதான். கதவைப் போய்த் தட்டினேன். திறக்கல. காதைப் பொத்திக்கிட்டேன். அப்பவும் கேட்டுச்சு."

ஊசி அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டுத்தான் கனவுன்னு சொன்னீங்களா?"

"கனவா இருந்துட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் எழுந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் முன்னால் போய் நின்று, "நான் தனியாக் கத்தினேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இத்தனை நாளும் தனியாக் கத்தினேன்னு நினைச்சேன்." அப்படியே உடைந்தாள். ஆபரேஷன் நடந்ததிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரை நான் பார்த்ததில்லை. அன்று அறை முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டு அழுதாள்.

அந்தச் சத்தத்தில் என் மடியில் இருந்த பிள்ளை மிரண்டு போய் வீறிட்டது. சமாதானப்படுத்த நான் எழுந்திருப்பதற்குள் ஊசி திரும்பி வந்துவிட்டாள். கண்ணைக் கூடத் துடைக்காமல் பிள்ளையை என் மடியிலிருந்து பறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இல்லடி, இல்லடி, பயப்படாத" என்று அதன் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டாள். "அம்மா இங்கதான் இருக்கேன்."